பழுப்புப் புள்ளி

காலையில் களிம்பு பூசி, பத்து மணி வெயிலில், பதினைந்து நிமிடம் கை காய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆவுடைத்தங்கம் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து உட்கார்ந்து நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. கீழே அறையில் அவளுடைய தம்பி பெண்டாட்டி சுகிர்தா போன் ஸ்டாண்டை மூன்றாவது தடவையாக நிமிர்த்திவிட்டு, இன்னும் பதினொன்று என்று நினைத்தாள். அதற்குள் ஒரு மேகம் வராதா என்றும் நினைத்தாள். சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டு மேஜையில் விரித்திருந்த வெள்ளை சார்ட்டின் மூலையை நீவிவிட்டாள். நீவிக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து மேகம் இருக்கிறதா என்று பார்த்தாள். கோவில்பட்டியில் பங்குனி மாதத்தில் மேகத்துக்கு எங்கே போவது. வானம் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி கிடந்தது. சார்ட்டின் நடுவில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வாழை இலை, களிமண்ணில் செய்தது. இலையில் மிளகு அளவு உருளைக்கிழங்கு, நகத்தளவு அப்பளம், பொரியலில் தேங்காய்ப்பூ தூவியதுகூடத் தெரியும். எல்லாம் மதினி விரலால் உருட்டி, பல்குத்தும் குச்சியால் குத்தி, காயவைத்துச் சாயம் பூசியவை. பின்னால் காந்தம் ஒட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். குட்டிப்பந்தி என்று பேஜுக்குப் பெயர் வைத்தது சுகிர்தா. படம் பிடிப்பது, பாட்டுச் சேர்ப்பது, கமெண்ட்டுக்குப் பதில் போடுவது, பெட்டி கட்டிக் கூரியருக்குத் தூக்கிப் போவது எல்லாம் அவள்தான். செய்வது மட்டும் மதினி. இந்த ‘மட்டும்’ அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. மனசுக்குள் தினமும் வரும்.

எல்லாம் நேற்று சாயந்திரம் வந்த ஒரு கமெண்ட் செய்த வேலை. முகத்துக்குப் பதிலாக பைக் படம் வைத்திருக்கும் எவனோ ஒருவன். ‘அக்கா கையில பெயிண்ட் உரியுது, மணிக்கட்டுக்குக் கீழ ஜூம் பண்ணிப் பாருங்க. இத்தனை நாள் வெள்ளை அடிச்சு நம்மளை அழ வச்சிருக்காங்க.’ முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தால் நாலாயிரம் பேர் அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார்கள். ஆமா நானும் பார்த்தேன். சிம்பதிக்கு இப்படியுமா. எங்க அம்மாவுக்கும் வெண்புள்ளி, அழுதுகிட்டே ஆர்டர் போட்டேன், ச்சே. நேற்று மத்தியானம் வரை ‘தங்கக்கா தங்கக்கா’ என்று உருகியவர்கள்தான். தைரியம் இருந்தா லைவ்ல கையைக் கழுவிக் காட்டச் சொல்லுங்க. அந்த இடத்தில்தான் சுகிர்தாவுக்குச் சுரீரென்று ஏறியது. எங்க மதினி கையைப் பொய்யின்னா சொல்ற? பதினொரு வருஷமாக அந்த வெள்ளைக் கையைப் பார்க்கிறவள் நான். விறுவிறுவென்று தட்டிவிட்டாள்: நாளைக்குக் காலை பத்தரைக்கு லைவ், தங்கக்கா சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டுவாங்க, பார்த்துட்டுப் பேசுங்க. தட்டி முடித்த விரல் சூடு ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. கழுவினால் வெள்ளைக்கு நடுவே புதிதாக வந்த பழுப்புப் புள்ளி போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். பெயிண்ட் உரிந்து உள்ளே இருக்கிற நிஜத் தோல் எட்டிப் பார்க்கிற மாதிரியே இருக்கும். அவள் வாயாலேயே அவளுக்குக் குழி. குணமாகி வருது, அதனால்தான் பழுப்புப் புள்ளி என்று சொன்னால் போச்சு. ஒரு வரி. உண்மையும் அதுதான். அந்த வரியை ஆறு தடவை தட்டி ஆறு தடவையும் அழித்தாள். குணமாகிவிட்டால் தங்கக்கா யார்? கோவில்பட்டியில் களிமண்ணில் அப்பளம் செய்கிற ஒரு பொம்பளை. களிமண்ணில் அப்பளம் செய்கிற பொம்பளைகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பேஜ் இருக்கிறது, எவரும் சீந்துவதில்லை.

ஆறு நிமிடம். மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நிழல் வந்திருக்கும், நகர்த்திப் போடுகிறாள். எவ்வளவு கவனம் பார். இத்தனை கவனமாக ஒருத்தி வெயிலை விரட்டிப் பிடிப்பாளா? கல்யாணமாகி வந்த மறுநாள் மத்தியானம் அந்தக் கைதான் சுகிர்தாவுக்குச் சோறு போட்டது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன், அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று இரண்டு கை. யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. புருஷன் சேர்மராஜ்கூடச் சொல்லவில்லை, அப்புறம் கேட்டதற்கு, எங்க அக்காவுக்குக் கையில கொஞ்சம் நிறம் கம்மி என்றான், ஜவுளிக்கடையில் நிற்கிற மாதிரி. அன்றைக்கு வாயில் வைத்த சோறு உள்ளே போகவில்லை. ரசத்தை மட்டும் ஊற்றிக் குடித்துவிட்டுத் தலைவலி என்று எழுந்துவிட்டாள். மதினி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவைத்து, நீயே போட்டுக்க தாயி என்று அடுப்படியைவிட்டு நகர்ந்துகொண்டாள். அவள் நகர்ந்த விதம்தான் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருக்கலாம். பிள்ளை பிறந்து முதல் எண்ணெய் தேய்க்க வந்தபோதும் அப்படித்தான். உங்களுக்கு எதுக்கு மதினி சிரமம் என்று சுகிர்தா துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். சரி தாயி என்று போய்விட்டாள். இப்போது பிள்ளை இரண்டாம் வகுப்பு, போன மாதம் அதன் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுப்பாக ஏதோ. வெறும் தேமல்தான், வெயிலில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். சொன்னபிறகும் மூன்று நாள் சுகிர்தா கன்னத்தைத் தேய்க்கத் தேய்க்க, அம்மா எரியுது என்று அது அழுதது. அந்த நேரம் மதினி வாசற்படியில் நின்றிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். என்னத்த நினைத்திருப்பாள்? நினைக்கட்டும். மூன்று லட்சம் பேருக்கு முன்னால் அந்தக் கைக்கு முத்தம் கொடுத்தவள் நான், அதையும் சேர்த்து நினைக்கட்டும்.

ஆமாம், முத்தம் கொடுத்தாள், ரீல்ஸில்தான். அதற்கு முன்னால் ஒரு வருஷம் அந்தக் கை படத்துக்குள்ளேயே வந்ததில்லை. பேஜ் ஆரம்பித்த புதிதில் சுகிர்தா தன் கையை வைத்துத்தான் எடுத்தாள். நகத்துக்குச் சாயம், கையில் மெல்லிசாக ஒரு வளையல், மதினி செய்து வைத்ததை எடுத்து இலையில் வைப்பதுபோல ஒரு நடிப்பு. மதினி மேஜைக்குக் கீழே மணைப்பலகையில் உட்கார்ந்து, கட்டவிரல வச்சு அமுக்கு, அதிகம் அமுக்காத, வடை அடையாயிரும் என்று சொல்லிக்கொடுப்பாள். ஒரு வருஷத்தில் எண்ணூறு பேர். அதில் பாதி சேர்மராஜுடன் லாரி ஓட்டுகிறவர்கள், மீதி அவளோடு காலேஜில் படித்தவர்கள். அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. ஒரே மாதிரி ஆரம்பிக்கிற இரண்டு வீடியோ போனில் இருந்தன. ஒன்று வெட்டி ஒட்டியது. இன்னொன்றில் அவள் கை தட்டி அப்பளம் கீழே விழுந்து, கீழேயிருந்து ஒரு வெள்ளைக் கை ஏறிவந்து அதை எடுத்து, ஊதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகும். அவசரத்தில் அதை ஏற்றிவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தபோது, சோலி முடிஞ்சது, அருவருப்புப்பட்டு ஓடியிருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். நாற்பதாயிரம் ஹார்ட். யார் அந்தக் கை? அந்தக் கையைக் காட்டுங்க. அந்தக் கைக்கு ஒரு முத்தம். ஆயிரத்துக்கு மேல் கமெண்ட், சுகிர்தாவின் நகச்சாயத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த இடம் இன்றைக்கும் முள்ளாகக் குத்தும். ஒரு வருஷம் முதுகு வலிக்க நின்று எடுத்தது அவள். ஒரு அப்பளத்தை எடுத்து வைத்ததற்கு ஊரே அழுகிறது. ஆனால் அழுகிற ஊரைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா? அன்றைக்கே மதினியை மேஜை முன்னால் உட்காரவைத்து, சுகிர்தா கீழே மணைப்பலகைக்குப் போய்விட்டாள்.

மதினியும்தான் மாறிப்போனாள், அதையும் சொல்ல வேண்டும். நாற்பத்தோரு வயசுவரை சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டவள். அண்ணாச்சி கடையில் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மிட்டாய் பாட்டில் மூடிமேல் வைப்பார்கள், அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள். இப்போது பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டாள். தினமும் சாப்பிட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்ன எழுதிருக்காக, வாசி என்பாள். சுகிர்தா வாசிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நல்லதை மட்டும் வாசிப்பது என்று சுகிர்தா ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். அந்த நல்லவற்றில் ஒன்றுதான் மதுரையிலிருந்து ஒரு தோல் டாக்டர் அம்மா எழுதியது: அக்கா, நான் உங்கள் விசிறி, இதை ஓரளவு மாற்ற முடியும், நீங்கள் ஒன்றும் தர வேண்டாம், வாருங்கள். வாசித்துத் தொலைத்தாள். வாய் முந்திக்கொண்டது. அப்போது பத்து ஹார்ட் போட்டுப் பதிலும் எழுதினாள், மூன்று மாசம் வைத்தியம் செய்தாலும் ஒன்றும் நடக்காது என்ற தைரியத்தில். கையில் வருவது ரொம்பக் கஷ்டம், லேசில் மாறாது என்று எங்கோ படித்திருந்தாள். மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, இப்பத்தான் எல்லாரும் நல்லா பாக்காங்களே, இனிமே எதுக்கு மதினி என்று பட்டும் படாமல் கேட்டாள். மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரே நெறமா இருந்து பாக்கணும்னு ஒரு ஆச சுகி, எந்த நெறம்னாலும் சரி என்றாள்.

“ஏ சுகி, எத்தன நிமிசம் ஆச்சு?” மாடியிலிருந்து குரல் வந்தது.

எட்டு. போன் சொல்கிறது, எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. “இன்னும் கொஞ்சம் இருக்கு மதினி,” என்றாள். நேற்று பதிமூன்றிலேயே மதினியைக் கீழே கூப்பிட்டுவிட்டாள். முந்தாநாள் பன்னிரண்டில். மாடியில் கடிகாரம் கிடையாது, மதினிக்குப் போன் வைத்துக்கொள்ளப் பழக்கமில்லை, சுகி கூப்பிட்டால்தான் பதினைந்து. இரண்டு நிமிடத்தில் என்ன கொள்ளையா போய்விடும்? லைட் நன்றாக இருக்கும்போது எடுத்தாக வேண்டுமே. காரணம் இருக்கிறது, எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அப்படியும் வந்துவிட்டது பாழாய்ப்போன புள்ளி. பதினெட்டு நாளுக்கு முன்னால் இடது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று. மதினி ஈ உட்கார்ந்திருக்கிறது என்று தட்டிவிட்டாள். தட்டியும் போகாததைப் பார்த்து அப்படியே நின்றாள், பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியாமல். அப்புறம் நாலு. அப்புறம் ஆறு. எள் அளவுதான், ஆனால் வெள்ளையில் எள் தெரியாமல் இருக்குமா? ஆறு நூறாகும். நூறும் ஒன்றோடொன்று சேரும். ஒருநாள் காலையில் அந்தக் கை எல்லாக் கையும் மாதிரி ஒரு கையாக இருக்கும். அன்றைக்கு இந்த அறையும், ஸ்டாண்டும், கூரியர்காரன் ‘மேடம்’ என்று கூப்பிடுவதும், சேர்மராஜ் அவளைக் கேட்டுவிட்டு ஒரு வேலையில் இறங்குவதும் எல்லாம் போய், அடுப்படி மட்டும் மிச்சம். வழி இல்லாமல் இல்லை. இருக்கிற வழியை நேற்று சாயந்திரத்திலிருந்து நினைக்காமல் இருக்கப் பாடுபடுகிறாள். சாயப் பெட்டியில் முதல் வரிசையில் நிற்கிறது வழி, இட்லிக்குப் பூசுகிற வெள்ளை. காய்ந்துவிட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பெயிண்ட் இல்லை என்று காட்டுவதற்குப் பெயிண்ட். சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “பதினஞ்சு ஆயிட்டு மதினி, வாங்க.” பத்துகூட ஆகியிருக்கவில்லை.

ஆவுடைத்தங்கம் படியிறங்கி வந்தாள். முகம் சிவந்து நெற்றியெல்லாம் வேர்வை. வந்ததும் இடது கையை நீட்டினாள், பிள்ளைகள் பரிசு வாங்கிய டம்ளரை நீட்டுகிற மாதிரி. சுகிர்தா அதைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். களிம்பின் பிசுபிசுப்பு, வெயில் சூடு. போனில் காத்திருக்கிறவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

“மதினி, கையக் கழுவிக் காட்டச் சொல்லுறாங்க. பெயிண்ட் உரியுதுங்காங்க.”

“குணமாகுதுன்னு சொல்லீருவோமே.”

“நம்ப மாட்டாங்க மதினி. இத்தன நாளும் பொய்யின்னு ஆயிரும். அக்கா ஏமாத்துக்காரின்னுதான் சொல்லுவாங்க.”

“என்னையவா?”

“உங்களத்தான்.”

வேண்டுமென்றே சொன்னாள். அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னாள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவளுக்கு இதுவரை வாசித்துக் காட்டாததை எல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையில் வாசித்துவிட்டாள். மதினி கையைப் பின்னால் இழுத்து, பழைய பழக்கத்தில் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். சுகிர்தா அதைப் பார்க்காமல் வெள்ளைச் சாயத்தை எடுத்து மூடியில் ஒரு சொட்டு விட்டாள். “இன்னைக்கு மட்டும் மதினி. ஆறு பொட்டுத்தான்.”

“ஏழு,” என்றாள் ஆவுடைத்தங்கம். “இன்னைக்கு ஒன்னு கூடிருக்கு.” அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். சுகிர்தா சுண்டுவிரலுக்குக் கீழே முதல் பொட்டைத் தொட்டு வைத்தாள். சாயம் களிம்பில் வழுக்கி ஓரமாக வழிந்தது. இன்னொரு தடவை வைத்தாள், மறுபடியும் வழிந்தது. மதினி எழுந்து குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு, நுரைக்க நுரைக்க இரண்டு தடவை கழுவி, களிம்பு முழுக்கப் போனபிறகு துண்டில் ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது பொட்டு ஒட்டியது. ஒட்டியும் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி தனியாக நின்றது. மதினி கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். “இது இட்லி வெள்ளை. என் கை இந்த வெள்ளை இல்ல. குடு இங்க.” மூடியை வாங்கிக்கொண்டாள். பல்குத்தும் குச்சியின் நுனியில் சிவப்பை எடுத்து வெள்ளையில் கலக்கினாள். கொஞ்சம் மஞ்சள். மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, சிவப்பு கூடிட்டு என்று இன்னும் ஒரு சொட்டு வெள்ளை விட்டாள். வேலையில் இருக்கும்போது அவள் நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே வந்துவிடும், இப்போதும் வந்தது. அப்பளத்துக்குக் கொப்புளம் வைக்கிற மெல்லிய பிரஷ்ஷை எடுத்து ஏழு புள்ளியையும் ஒவ்வொன்றாக மூடினாள். ஓரம் தெரியாமல் விரலால் தட்டித் தட்டி இழைத்தாள். சுகிர்தாவால் ஜென்மத்துக்கும் முடியாத வேலை. செய்வது மட்டும் மதினி.

“தெரியுதா?”

சுகிர்தா போனில் கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள். “ஒன்னும் தெரியல மதினி.”

ஆவுடைத்தங்கம் கையை ஊதி ஊதிக் காயவைத்தாள். களிம்பு டப்பா ஜன்னல் திண்டில் இருந்தது, அதைப் பார்த்தாள். “களிம்பு போட்டா சாயம் ஒட்ட மாட்டேங்கு, பாத்தியா,” என்றாள். சுகிர்தா உம் என்றாள். “படம் எடுக்குற அன்னைக்குப் போடக் கூடாது போல.” சுகிர்தா போன் ஸ்டாண்டை நிமிர்த்தினாள். “தெனமும்தான் எடுக்கோம்.” சுகிர்தா சார்ட்டின் மூலையை நீவிவிட்டாள். மதினி தலையைத் தூக்கி நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் இப்படி அவள் நேராகப் பார்த்துச் சுகிர்தாவுக்கு நினைவில்லை. “அப்ப நிப்பாட்டிறவா சுகி?”

நிப்பாட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்கத்தான் அப்படிப் பார்க்கிறாள் என்பதுகூடப் புரிந்தது, அந்த வார்த்தை நாக்குவரை வந்தும் விட்டது. போனில் பத்து இருபத்தொன்பது, பத்து முப்பது ஆனது. நாலாயிரத்து முந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

“கைய ஆட்டாதீங்க மதினி,” என்றாள் சுகிர்தா. “ஆரம்பிக்கப் போறேன்.”